இறுக்காமல் விட்ட நட்டு

பழைய காரின் வைப்பர் மெதுவாக ஓடினால் அடியில் நாலு சொட்டு எண்ணெய் விட்டால் போதாதா என்று போன வாரம் கராஜில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். போதாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் போதாது என்று சொல்லப் போனால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அன்று அதற்கு மனம் வரவில்லை. இன்று சொல்கிறேன். வேலையை நிறுத்திவிட்டு ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் எனக்குக் கொடுங்கள்.

அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் வைப்பர் மோட்டார் பொனட்டுக்குள் ஒரு பக்கமாக இருக்கும். அங்கிருந்து ஸ்பிரிங் மாதிரிச் சுற்றிய ஒரு கம்பி, மெல்லிய குழாய்க்குள் நுழைந்து டாஷ்போர்டுக்குப் பின்னால் போகும். அது முன்னும் பின்னும் இழுபடும்போது ஒவ்வொரு வைப்பரின் அடியிலும் உள்ள பல்சக்கரம் திரும்பும். குழாய்க்குள் கிரீஸ் காய்ந்துவிட்டால் கம்பி திணறும், மோட்டார் சூடேறும். வெளியே நின்று எண்ணெய் விட்டால் ஒரு வாரத்துக்கு நன்றாக ஓடும். கார்க்காரரும் சந்தோசமாகப் போவார். உள்ளே கிரீஸ் காய்ந்தது காய்ந்தபடியே இருக்கும். ஒரே காருக்கு இப்படிப் பதினொரு வருடம் எண்ணெய் விட்டவன் நான்.

அது டொக்டர் ஐயாவின் கார். பால்கோவா நிறம், வட்ட விளக்கு, உள்ளே தோல் சீட். ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். இளம் டொக்டராகப் பதுளைக்கு வேலைக்கு வந்தவர், பென்சன் எடுத்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். புதன்கிழமை தோறும் அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போவார். டிஸ்பென்சரியில் உட்கார்ந்து காசு வாங்காமல் வைத்தியம் பார்ப்பார். அந்தக் காரை நம் கராஜில் என்னைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை. "முத்தையா கை வைச்சாத்தான் இவன் ஓடுவான்" என்று ஐயா எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே சில நாள் நான் காரை ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் யோகு வந்தான்.

யோகு எனக்குச் சகலை. என் மனைவியின் தங்கச்சி வீட்டுக்காரன். பழைய கார்களைச் சேர்த்து வைக்கும் பணக்காரர் ஒருவரிடம் கொழும்பில் எட்டு வருடம் வேலை செய்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காகத் தெமோதரைக்குத் திரும்பியிருந்தான். "உங்க கராஜில சொல்லிவிடுங்களேன்" என்று மனைவி கேட்டாள். நானே முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன். என் ஆள் என்று சொல்லித்தான் சேர்த்தேன்.

இரண்டு மாதம் போகவில்லை. வாசலில் வந்து நிற்பவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "யோகு இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு தடவை அவன் லொறிக்கு அடியில் படுத்திருக்கும்போதே "இல்ல, வெளியே போயிட்டாரு" என்று ஓர் ஆளைத் திருப்பி அனுப்பினேன். யோகு கழற்றும் ஒவ்வொரு ஸ்குரூவையும் பழைய பத்திரிகைத் தாளில் வரிசையாக வைத்து, எந்த ஓட்டைக்கு எது என்று பென்சிலால் எழுதுவான். எனக்கு அது படம் காட்டுவது போலத் தெரிந்தது. பையன்களிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். பிறகு அவர்களும் தாள் விரிக்க ஆரம்பித்தார்கள்.

வீட்டிலும் நிம்மதியில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "தங்கச்சி வீட்டுக்காரரு கையைப் பாத்தீங்களா? நகத்துல ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது." அவள் சும்மாதான் சொன்னாள். மறுநாள் நான் மண்ணெண்ணெயும் சவர்க்காரத் தூளும் போட்டுத் தோல் உரியக் கையைத் தேய்த்தேன். அன்று சாப்பாடு போடும்போது அவள் என் கையைப் பார்க்கவேயில்லை.

ஐப்பசி மழை தொடங்கும் நேரம். ஒரு திங்கட்கிழமை டொக்டர் ஐயா காரைக் கொண்டுவந்தார். "வைப்பர் களைச்சுப் போச்சுது முத்தையா. கொழும்பிலை பழைய கார் பார்த்த பிள்ளை ஒண்டு இஞ்ச வந்திருக்காமே. அவரையும் ஒருக்காக் கூப்பிடுமன்" என்றார்.

'அவரையும்' என்றுதான் சொன்னார். என் காதில் 'அவரை' என்று விழுந்தது.

யோகு வந்து கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி வைப்பரை ஓட விட்டான். மோட்டாரில் புறங்கையை வைத்துப் பார்த்தான். "ஐயா, மேலாலயே எண்ணெ விட்டுக்கிட்டு வந்திருக்காங்க. உள்ள குழா காஞ்சு கெடக்கு. எல்லாத்தையும் கழட்டித்தான் ஆகணும். புதன்கிழமை காலையில தந்துருவேன்."

'விட்டுக்கிட்டு வந்திருக்காங்க.' யார் என்று சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. என் மரியாதையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். அவன் என்னைக் காப்பாற்றும் இடத்துக்கு நான் வந்துவிட்டேனே என்பதுதான் தாங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஐயா நடந்து வந்து வேலையைப் பார்த்தார். யோகு குழாயிலிருந்து கம்பியை உருவினான். அதில் ஒட்டியிருந்த கிரீஸ் காய்ந்த மெழுகு போல உதிர்ந்தது. ஐயா ஒரு துண்டை விரலில் எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இது எத்தினை வருசத்து ஊத்தை!" என்று சிரித்தார். அழுக்கைப் பார்த்துத்தான் சிரித்தார். நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

புதன்கிழமை காலை வேலை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. கம்பியையும் குழாயையும் கழுவி, புது கிரீஸ் போட்டு, பல்சக்கரங்களைத் தேயாத பக்கத்துக்குத் திருப்பி மாட்டியிருந்தான். ஒன்றே ஒன்றுதான் மீதி. குழாயை மோட்டாரோடு பிடித்து வைக்கும் பெரிய நட்டில் மரை தேய்ந்திருந்தது. லேத் கடையில் புதிது செய்யக் கொடுத்திருந்தான். அதை எடுத்துவரப் புறப்படும்போது என்னிடம் சொன்னான்:

"அண்ணே, பழைய நட்ட கையால ரெண்டு சுத்துதான் போட்டிருக்கேன். வைப்பர கொஞ்ச நேரம் ஓட்டுனா கழண்டுரும். ஐயா வந்தா கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க. அரை மணி நேரத்துல வந்துர்றேன்."

"சரி போ" என்றேன்.

அவன் போய்ப் பத்து நிமிடத்தில் ஐயா வந்துவிட்டார். "என்ன மாதிரி, முடிஞ்சுதோ?"

நான் கண்ணாடியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி வைப்பரைப் போட்டேன். சத்தமே இல்லை. அந்தக் காரில் வைப்பர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

"ஓடுது ஐயா" என்றேன்.

கவனியுங்கள், முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஓடுது என்று சொன்னேன். அது உண்மைதான். பொய் சொல்லாமலே ஒருவரை ஏமாற்றலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். உங்கள் வாயிலிருந்து ஒரு பாதி உண்மை இத்தனை சுலபமாக வந்தால், மீதிப் பாதியை ஏன் விழுங்கினோம் என்று அந்த இடத்திலேயே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐயா முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நான் வெளிக்கிடுறன். அங்க சனம் காத்துக்கொண்டு நிக்கும். யோகுவுக்கு நான் நன்றி சொன்னதெண்டு சொல்லும்."

அந்தக் கடைசிச் சொல் வராமல் இருந்திருந்தால் ஒருவேளை கையைக் காட்டி நிறுத்தியிருப்பேன். தெரியாது. நிறுத்தவில்லை.

ஐயாவுக்குக் கெடுதல் வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் நினைத்தது இதுதான்: ஹாலிஎலவுக்குப் பக்கத்தில் எங்கேயாவது தூறல் விழும், வைப்பர் நின்றுவிடும், ஐயா எனக்குப் போன் பண்ணுவார், நான் போய் இரண்டு நிமிடத்தில் இறுக்கிக் கொடுப்பேன், பழையபடி என் பெயரைச் சொல்வார். பதுளையில் அப்போது நல்ல வெயில். அப்புத்தளையைத் தாண்டினால் வானம் வேறு என்று முப்பது வருடம் அந்த வழியில் நின்றுபோன கார் எடுக்கப் போய்வந்த எனக்குத் தெரியாதா? தெரியும். அதை நினைக்காமல் இருந்தேன்.

யோகு புது நட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். "கார் எங்கண்ணே?"

"ஐயா எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

"நட்டு விசயம் சொன்னீங்களா?"

முதலாளி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "சொன்னேன். அவசரம்னு போயிட்டாரு" என்றேன்.

யோகு போன் பண்ணினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது ஐயா போனை எடுக்கமாட்டார், பைக்குள் கிடக்கும். "நான் பின்னாலயே போறேன்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தான். நானும் ஏறிக்கொண்டேன். உதவிக்குப் போகிறேன் என்று முதலாளி நினைத்தார். அவன் தனியாகப் போய் ஐயாவைச் சந்தித்தால் என் பொய் உடைந்துவிடும் என்றுதான் நான் போனேன்.

பண்டாரவளை வரை வெயில். அப்புத்தளையில் மழை பிடித்தது. பெரகலைச் சந்தியில் புகை மாதிரி மூட்டம் இறங்கியிருந்தது, எதிரே வரும் லொறியின் விளக்குக்கூடப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த இறக்கத்தில் மூன்றாவது வளைவில் காரைக் கண்டோம். வலது பக்கம் பள்ளம். கார் இடது பக்கத்துத் தேயிலை மேட்டில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. ஒரு விளக்கு உடைந்திருந்தது. வைப்பர் இரண்டும் கண்ணாடியின் பாதியில் நின்றிருந்தன.

பின் சீட்டில் ஒரு தோட்டத்துப் பெண், மடியில் கைக்குழந்தை. சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவளை ஐயா ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். "எங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. ஐயா கையைப் பாருங்க" என்று அழுதாள். ஐயாவின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. வைப்பர் நின்றதும் தலையை வெளியே நீட்டிப் பார்த்து ஓட்டியிருக்கிறார். லொறி ஒன்று எதிரே வரவும் மேட்டுப் பக்கம் ஒடித்திருக்கிறார். மற்றப் பக்கம் ஒடித்திருந்தால் உங்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஐயா யோகுவைப் பார்த்தார். கோபமில்லை. "தம்பி, உம்மை நம்பித்தானே எடுத்தனான்."

"நட்டு இறுக்கலன்னு அண்ணன் சொன்னாராமே ஐயா?"

"எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மழை சட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

"சொன்னேன் ஐயா. உங்களுக்குக் கேக்கலபோல" என்றேன்.

ஐயா நெற்றியில் வழிந்த மழையைத் துடைத்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். "இருக்கும். வயசு போகுதுதானே."

அந்த வழியாக வந்த வேன் ஒன்றில் ஐயாவையும் அந்தப் பெண்ணையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். யோகு மழையிலேயே பொனட்டைத் திறந்து புது நட்டைப் போட்டு இறுக்கினான். அவன் காரை ஓட்ட, நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தேன். பின் கண்ணாடி வழியாக முன்னால் ஓடும் வைப்பர் தெரிந்தது. பண்டாரவளை வரைக்கும் ஒரே சீராகப் போய்வந்தது. அத்தனை நடந்த பிறகும், இப்படி என் வேலை ஒரு நாளும் ஓடியதில்லையே என்றுதான் என் வயிறு எரிந்தது.

வேலையைப் பாதியில் வைத்துச் சாவியையும் காரிலேயே விட்டுவிட்டுப் போனதற்கு முதலாளி யோகுவை எல்லோர் முன்னாலும் ஏசினார். லொறி டயர் மாற்றும் வேலைக்குத் தள்ளினார். அவன் ஜாக்கை எடுத்துக்கொண்டு லொறிப் பக்கம் போனான். வாசலில் வந்தவர்கள் மறுபடி என்னைக் கேட்டார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு மாதமும் நான் நன்றாகத் தூங்கினேன்.

மாதக் கடைசியில் ஐயா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். என்னை மட்டும். தலையை எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு போனேன்.

கையில் இன்னும் கட்டு இருந்தது. உள்ளே நுழைந்ததும் சுவரெல்லாம் சின்னச் சின்னத் தாள்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். 'அடுப்பு அணைத்தாயா.' 'முன் கதவு.' 'மகள் போனில் சொன்னது: மருந்து இரவுக்கு ஒன்று.' இடது கையால் எழுதிய கோணல் எழுத்து.

"காரை வித்துத் தாரும் முத்தையா" என்றார் ஐயா. "இனி நான் ஓட்டக்கூடாது. அண்டைக்கு நீர் சொன்னது எனக்குக் கேக்கேல்லை எண்டு காது டொக்டரிட்டப் போனனான். காது நல்லாத்தான் கிடக்காம். அப்ப என்ன? நீர் சொன்னதைக் கேட்டிட்டு உடனேயே மறந்திருக்கிறன். என்ர அம்மாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. கடைசியிலை என்னை ஆரெண்டு தெரியாமற் போச்சுது." கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டார். "டிஸ்பென்சரியையும் விட்டிட்டன். சொன்னதை மறக்கிற ஆள் மருந்து எழுதலாமோ?"

நான் சுவரிலிருந்த தாள்களை மறுபடி படித்தேன்.

அப்போது ஐயா சொன்னார்: "நான் யோகுவை நம்பினது பிழை. எத்தினை வருசம் பார்த்த மனுசன் நீர். உம்மைத்தான் நம்பியிருக்கோணும்."

யோகு வந்த நாளிலிருந்து எந்தச் சொல்லுக்கு நான் ஏங்கினேனோ, அது வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். காரையும் விற்றுக் கொடுத்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. எதிர்ச் சுவரில் 'முன் கதவு' என்று எழுதிய தாள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஐயா, அன்னைக்கு நான் ஒங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல. யோகு சொல்லச் சொன்னான். நான் சொல்லல. அவன் பேரு கெடட்டும்னு விட்டுட்டேன்."

கை ஓங்குவார் என்று நினைத்தேன். வெளியே போ என்பார் என்று நினைத்தேன். ஐயா நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"நீர் ஒண்டுமே சொல்லேல்லை?"

"இல்லைங்க ஐயா."

"வடிவா யோசிச்சுச் சொல்லும். ஒரு சொல்லும் சொல்லேல்லை?"

"ஓடுதுன்னு மட்டும்தான் சொன்னேன்."

"ஓம். ஓடுது எண்டனீர். அது எனக்கு ஞாபகம் இருக்குது! தண்ணி ஊத்தினனீர், நீலக் குவளை. யோகுவுக்கு நன்றி சொல்லச் சொன்னனான்." அவர் என் பக்கம் குனிந்தார். "அப்ப எனக்கு மறதி இல்லை?"

"இல்லைங்க ஐயா."

முகத்தை ஒரு கையால் மூடிக்கொண்டு சிறு பிள்ளை மாதிரி அழுதார். சந்தோசத்தில் அழுதார். என்னைத் திட்டுவதற்கு அவருக்கு நேரமேயில்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் லேசாக வீட்டுக்குப் போயிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சுவரில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்தார். "இதை யோகுவிட்டையும் உங்கட முதலாளியிட்டையும் சொல்லும்" என்றார்.

மறுநாள் காலையில் முதலாளி இருக்கும்போதே யோகுவிடம் சொன்னேன். அவன் கழற்றிக்கொண்டிருந்த டயரில் இருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்கு அந்த மழையிலயே தெரியும்ணே" என்றான்.

"பிறகு ஏன்டா சும்மா இருந்த?"

"நீங்க கூட்டிக்கிட்டு வந்த ஆளு நான். அக்கா மொகத்தையும் பாக்கணும்ல. ஆனா ஐயா இப்புடி நெனச்சுக்கிட்டு கெடக்குறாருன்னு தெரிஞ்சிருந்தா சும்மா இருந்திருக்க மாட்டேன்."

முதலாளி யோகுவின் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்தார். கை ஆறியதும் ஐயா மறுபடி புதன்கிழமைகளில் ஹல்துமுல்லைக்குப் போக ஆரம்பித்தார். காரை யோகுதான் பார்த்தான். கராஜைத் தாண்டும்போது ஐயா எனக்கும் கை காட்டுவார். அதன் பிறகு ஐந்து வருடம் யோகுவுக்குப் பக்கத்திலேயே வேலை செய்தேன். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பாதி உண்மைதான். வரும், வந்தால் எனக்கு அடையாளம் தெரியும், வாயைத் திறந்து வேலையைப் பற்றிய முழு விசயத்தையும் சொல்லிவிடுவேன்.

யோகு கடைசி வரை என்னிடம் மரியாதை குறையாமல் பேசினான். தீபாவளிக்குக் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தான். ஆனால் ஒரு வேலையைப் பாதியில் விட்டுப் போகும்போது, யாரிடமாவது சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் மறுபடி ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு சிவப்பு அட்டையை வெட்டி, எந்த நட்டு இறுக்கவில்லை என்று எழுதி, ஸ்டியரிங்கில் கம்பியால் கட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான். மற்றவர்களும் அதைப் பார்த்துச் செய்யப் பழகினார்கள். இன்று நீங்கள் எல்லோரும் கட்டுகிறீர்களே, அந்தச் சிவப்பு அட்டை அதுதான். பாதுகாப்புக்காக முதலாளி கொண்டுவந்த ஒழுங்கு என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இல்லை. பக்கத்தில் நின்ற என்னை நம்ப முடியாமல் ஒருவன் கட்டியது அது.